கெமாந்த்னை பேசும் பெரியவர்களைப் பதிவு செய்வது எப்படி?

எத்தியோப்பியாவில் பேராசிரியர் வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நானும் அந்நாட்டின் வடக்கே உள்ள கோண்டர் நகரில் பாடம் நடத்தியவன். அங்கிருந்து மேற்கே சில்கா பக்கம் போனால் கெமாந்த் மக்களின் ஊர்கள். அவர்களுடைய மொழிதான் கெமாந்த்னை. இவர்கள் அகாவ் இனத்தில் ஒரு கிளை. லாலிபெலாவில் பாறையைக் குடைந்து தேவாலயம் கட்டிய ஸாக்வே மன்னர்களும் அகாவ்தான். 1994 கணக்கெடுப்பில் தங்களைக் கெமாந்த் என்று சொன்னவர்கள் 1,72,327 பேர். கெமாந்த்னையைத் தாய்மொழி என்றவர்கள் 1,625 பேர்தான். இன்று அதைச் சரளமாகப் பேசுவோர் எல்லாரும் முதியவர்கள். இன்ஜிபாரா ஊர்ப் பக்கத்தில் பேசும் இன்னொரு அகாவ் மொழியான அவ்ங்கிக்காவது பள்ளிக்கூடம் இருக்கிறது. இதற்கு அந்த முதியவர்கள்தான் எல்லாம்.

முதலில் உள்ளூர் நண்பர் ஒருவரோடு போய், பதிவு எதற்கு, யார் கேட்பார்கள் என்று அந்த வட்டாரத்துப் பொதுமொழியான அம்ஹாரிக்கில் விளக்கிச் சம்மதம் வாங்குங்கள். இன அடையாளத்தை வைத்து அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் பெயரையும் முகத்தையும் இணையத்தில் போடவே போடாதீர்கள். பழைய சமயத்து வேண்டுதல்கள் கெமாந்த்னையில்தான் இருக்கின்றன. வொம்பர் என்னும் பூசகர் சொல்பவை. அவர்களாக முன்வந்தால் தவிர அவற்றைப் பதியக் கூடாது.

அடுத்தது, இருவரை உட்கார வையுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். 'தண்ணிக்கு என்ன, மாட்டுக்கு என்ன' என்று கேட்டால் ஒற்றைச் சொல்லாகப் பதில் வரும், அதிலும் பாதி அம்ஹாரிக். ஒரு பெரியவர் என்னிடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா உள்ளே வந்து உழவு மாட்டைப் பற்றி ஏதோ கேட்டார். அவ்வளவுதான், வினைச்சொற்கள் கொட்டத் தொடங்கின: ஓட்டினாயா, கட்டினாயா, கட்டாமல் விட்டாயா. பட்டியலில் பெயர்ச்சொல் சேரும். மொழியின் உயிர் வினையில் இருக்கிறது. நமக்கு ஒரு வசதி, அகாவ் மொழிகளிலும் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். எழுதி எடுக்கும்போது காது சீக்கிரம் பழகிவிடும்.

காபிச் சடங்கு நடக்கும் நேரமே நல்ல நேரம். தரையில் புல் பரப்பி, கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, அபோல், தோனா, பராக்கா என்று மூன்று சுற்று ஊற்றுவார்கள். இரண்டாம் சுற்றில்தான் பேச்சு சூடு பிடிக்கும். கருவியை மேசைமேல் வைத்தால் இடிக்கும் சத்தம் கட்டை வழியாக ஏறிவிடும். நெட்டலா என்னும் மெல்லிய பருத்திப் போர்வையை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள். பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழ தூரம் போதும். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள்.

தொடக்கத்திலேயே தேதி, ஊர், உடன் இருப்போர் விவரத்தை வாயால் சொல்லிப் பதிவில் சேருங்கள். அங்கே நாட்காட்டி நம்முடையதைவிட ஏழெட்டு ஆண்டு பின்னால் ஓடுகிறது. கடிகாரமும் சூரியோதயத்திலிருந்து கணக்கு. 'இரண்டு மணி' என்றால் நமக்குக் காலை எட்டு. இரு கணக்கையும் எழுதாவிட்டால் பின்னால் வருபவர் குழம்புவார்.

எழுதி எடுக்க ஈலான் என்ற இலவச மென்பொருள் போதும். அந்த வீட்டுப் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்கச் செய்யுங்கள். புரியாத இடத்தில் அவனே ஓடிப்போய்த் தாத்தாவிடம் கேட்டு வருவான். நீங்கள் கேட்பதைவிட அவன் கேட்டால் விளக்கம் நீளமாக வரும்.

ஒரு பிரதி அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் எத்தியோப்பிய மொழிகள், பண்பாட்டு அகாடமிக்கு. குடும்பம் ஒப்பினால் இன்னொன்று பெர்லினில் உள்ள எலார் என்னும் அழியும் மொழிகளின் காப்பகத்துக்கு. அதற்கெல்லாம் முன்னால், மெமரி கார்டில் போட்டு அந்த வீட்டுக்குக் கொடுங்கள். இணையம் எட்டாத ஊர்களில் கைபேசியிலிருந்து கைபேசிக்குத்தான் எதுவும் பரவும்.