மழைக்காட்டுக்கு ஏற்ற இலேசுக் கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

பேராக்கின் கொர்பு மலை 2,183 மீட்டர் உயரம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அதில் ஏறக் கிளம்புகிறவர்கள் கூடாரம் தேடும்போது முதலில் பார்ப்பது எடையைத்தான். பார்க்க வேண்டியதும்தான். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எடை பெரும்பாலும் மேல்துணி, உள்கூடு, கம்பி மூன்றையும் மட்டும் சேர்த்தது. முளைகள், இழுகயிறு, பை எல்லாம் சேர்ந்தால் இன்னும் 150, 200 கிராம் சுலபமாக ஏறிவிடும். ஆகவே எல்லாம் சேர்த்த எடையைக் காட்டும் ‘பேக்டு வெயிட்’ என்று போட்டிருக்கும் எண்ணோடு ‘பேக்டு வெயிட்’டையே ஒப்பிடுங்கள். பொருள் கைக்கு வந்ததும் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து எழுதி வையுங்கள்.

விலைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கூடாரம் 1.6 கிலோ, 450 ரிங்கிட். இன்னொன்று 900 கிராம், 800 ரிங்கிட். மூன்றாவது 550 கிராம், 2,900 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதை விட்டு இரண்டாவதுக்குப் போனால் 350 ரிங்கிட்டில் 700 கிராம் குறைகிறது. கிராமுக்கு 50 சென். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக கிராமுக்கு 6 ரிங்கிட். பன்னிரண்டு மடங்கு! அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தூக்கப் பையிலும் முதுகுப் பையிலும் போட்டாலே 350 கிராமுக்கு மேல் குறைத்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்தது துணி. நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் குறையக் குறைய நூல் மெல்லியது. மேல்துணிக்கு 15, 20 டெனியர்தான் இப்போது வழக்கம். சிலிக்கான் பூசிய நைலானான சில்நைலான் எளிதில் கிழியாது; ஆனால் ஈரத்தைக் குடித்து நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரி மழையில் தொய்ந்து உள்கூட்டோடு ஒட்டிக்கொள்ளும். எழுந்து வெளியே போய்க் கயிற்றை மறுபடி இழுக்க வேண்டும். சிலிக்கான் பூசிய பாலியஸ்டரான சில்பாலிக்குக் கிழிசல் தாங்கும் வலு சற்றுக் குறைவு. ஆனாலும் தண்ணீர் குடிப்பது மிகக் குறைவு, தொய்வதில்லை, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நம் காட்டுக்கு 20 டெனியர் சில்பாலியைத்தான் முதலில் சொல்வோம்.

டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழையில் செய்த துணி எல்லாவற்றிலும் இலேசு, மழையில் நீளவே நீளாது. ஆனால் உராய்வும் முள்குத்தும் அதற்கு ஆகாது. மடித்து மடித்து வைத்த இடத்தில் நாளடைவில் நுண்துளைகள் விழும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை மலையேறுபவருக்கு அந்த விலை தேவையில்லை.

மலிவுக் கூடாரங்களில் உட்பக்கம் பியூ (பாலியூரித்தேன்) பூச்சு இருக்கும். புதிதில் நன்றாகவே மழை தாங்கும். நம் சூட்டிலும் ஈரக்காற்றிலும்தான் அதற்குக் கேடு: ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூச்சு சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த வாடை அடிக்கும். அப்படி ஆன துணியை மீட்க முடியாது. பழைய கூடாரம் வாங்குபவர்கள் விரித்து முதலில் மோந்து பாருங்கள்.

கூடாரம் ஓட்டையாவது பெரும்பாலும் அடியில். எடையைக் குறைப்பது மேலே இருக்கட்டும், தரையில் கை வைக்காதீர்கள். தண்ணீர் தாங்கும் அளவு, அதாவது எவ்வளவு உயர நீர் அழுத்தினாலும் துணி கசியாது என்ற எண், மேல்துணிக்கு 1,500 மில்லிமீட்டர் போதும், தரைத்துணிக்கு 3,000 வேண்டும். முகாம் இடங்களில் பாராங் கத்தியால் சாய்வாக வெட்டிய செடியின் அடிக்கட்டை ஊசி போல் நிற்கும்; உதிர்ந்த பிரம்பு முள் இலைக்கடியில் கிடக்கும். விரிப்பதற்கு முன் தரையை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். அடியில் ஒரு விரிப்பு போடுங்கள். அது ஒவ்வொரு பக்கமும் 5 சென்டிமீட்டர் உள்ளடங்கி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழியும் மழையைப் பிடித்து உங்களுக்கு அடியிலேயே கொண்டுவந்து விடும்.

மாலை மழையில் முகாம் சேர்வது இங்கே சாதாரணம். உள்கூட்டை முதலில் கட்டி, பிறகு மேல்துணி போடும் வகையாக இருந்தால் படுக்குமிடம் முன்பே நனைந்துவிடும். மேல்துணி முதலில் ஏறும் வகையை, அல்லது இரண்டும் சேர்ந்தே ஏறுவதை வாங்குங்கள். நடைக்கோலை நட்டுக் கட்டும் கூடாரம் 300, 400 கிராம் மிச்சப்படுத்தும். அதற்கு முளை நன்றாகப் பிடிக்கும் தரையும் அகலமான இடமும் வேண்டும். வேர் பின்னிக் கிடக்கும் சின்ன முகட்டில் தானாக நிற்கும் கம்பிக் கூடாரம்தான் கைகொடுக்கும். முளைகள் ஒய் வடிவ அலுமினியமாக இருக்கட்டும். மெல்லிய கம்பி முளை ஈர மண்ணில் பிடிக்காது.

ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் விடியும்போது உட்பக்கம் முழுக்க நீர் கோத்திருக்கும். வலை உள்கூடு உள்ள இரட்டைச் சுவரே நமக்குச் சரி. நீளம் உங்கள் உயரத்தைவிட 30 சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கட்டும்; காற்று மெத்தையின் தடிப்பு தலையையும் காலையும் மேலே தூக்கிச் சரிவில் முட்ட வைக்கும்.

இருபுறமும் சிலிக்கான் பூசிய துணியில் தையலுக்கு டேப் ஒட்டாது. பல கூடாரங்கள் தையல் அடைக்காமலே வரும், கேட்டு வாங்குங்கள். நீங்களே அடைக்கலாம்: ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் தெளிந்த சுத்த சிலிக்கானை வைட் ஸ்பிரிட்டில் (பெயிண்ட் கரைக்கும் திரவம்) தேன் பதத்துக்குக் கரைத்து, காற்றோட்டமான இடத்தில், விறைப்பாகக் கட்டிய கூடாரத்தின் தையல் மேல் சிறு தூரிகையால் தடவி ஒரு நாள் காய விடுங்கள். பியூ பசை இந்தத் துணியில் பிடிக்காது, உரிந்து வரும்.

பிறகு தோட்டத்துத் திடலில் கட்டி, தண்ணீர்க் குழாயை மேலிருந்து இருபது நிமிடம் பாய்ச்சுங்கள். உள்ளே உட்கார்ந்து தையல் சந்திகளையும் கயிறு கட்டும் மூலைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். கசியும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, காய்ந்தபின் மறுபடி பூசுங்கள். சோதித்த அன்றே நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நாள்கணக்கில் தொங்கவிட்டால் நைலான் இற்றுப்போகும்.