வெள்ளம் வடிந்த வீட்டைச் சீர்செய்வது எப்படி?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னை வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு நீர் புகுந்தது. முதல் முறை அவசரத்தால் பலவற்றைக் கெடுத்துக்கொண்டோம். இரண்டாம் முறை பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி மின்சாரம். மீட்டர் பெட்டி நனையாமல், நீங்கள் நிற்கும் இடமும் காய்ந்திருந்தால் மட்டுமே மெயின் சுவிட்சை அணையுங்கள்; இல்லையேல் மின்வாரியத்தை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பலரும் மறந்துவிடுவது இன்வெர்ட்டரை. தெருவில் மின்சாரம் இல்லாதபோதும் அதன் பேட்டரியிலிருந்து வீட்டு வயர்களில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருக்கும்.

இரண்டாவதாக, எதையும் நகர்த்தும் முன் சுவரில் நீர் நின்ற கோட்டையும் நனைந்த பொருள்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கோருவதற்கு அது உதவும்.

மூன்றாவது, சேறு. ரப்பர் பூட்ஸும் கையுறையும் அணிந்து, சேறு ஈரமாக இருக்கும்போதே அதை முறத்தாலும் தென்னந்துடைப்பத்தாலும் வெளியே தள்ளிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் தரையோடு இறுகிப்போகும். வெள்ள நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கக்கூடும் என்பதால், காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். பிறகு சோப்பு நீரால் கழுவி, ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தரையில் ஊற்றிப் பத்து நிமிடமாவது விடுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆகவேதான் கழுவுவது முதலில். பிளீச்சிங் பவுடருடன் கழிவறை ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

நான்காவது, சம்ப் எனப்படும் நிலத்தடி நீர்த்தொட்டி. நீரை முழுவதும் இறைத்துச் சுவர்களைத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே காற்று கெட்டிருக்கலாம் என்பதால் அனுபவமுள்ள ஆள்களையே இறக்குங்கள், மேலே ஒருவர் காவல் நிற்கட்டும். புது நீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அத்தனையையும் வெளியேற்றி அலசுங்கள். அதன் பிறகும் குடிநீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

நனைந்த பஞ்சு மெத்தையைக் காப்பாற்ற முயல்வது வீண். உப்பிய பிளைவுட் அலமாரியும் அப்படியே. சான்றிதழ்களை மட்டும் வெயிலில் போடாமல், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து நிழலில் உலர்த்துங்கள்.

எலக்ட்ரீஷியன் தாழ்வான சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து உலர்த்திச் சோதித்த பிறகே மெயினைப் போட வேண்டும். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மோட்டார்களுக்கும் இதுவே விதி.

கடைசியாகச் சுவர். தரை ஓரிரு நாளில் காய்ந்துவிடும். செங்கல்லும் பூச்சும் உறிஞ்சிய நீர் வெளியேற மாதங்கள் ஆகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் ஆசையில் 2016 ஜனவரியிலேயே புட்டி பூசி பெயிண்ட் அடித்தோம். கோடைக்குள் உப்புப் பூத்து அத்தனையும் உரிந்து விழுந்தது. எனவே உப்பிய பெயிண்டைச் சுரண்டி எடுத்து, சன்னல்களைத் திறந்து வையுங்கள். ஓர் அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உட்புறம் நீர் முத்துக்கள் தெரிந்தால் பெயிண்டரை இன்னும் அழைக்க வேண்டாம். மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் வரவேற்பறைச் சுவர் அந்தச் சோதனையில் தேற ஏப்ரல் மாதம் ஆயிற்று.