டிஎஸ்எல் மோடம் பிரிட்ஜ் மோடில், டயல் செய்வது லினக்ஸ் ரூட்டர்

சேலத்தில் ஃபைபருக்கு மாறிவிட்டவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஏற்காட்டுப் பக்கம் இன்னும் டெலிபோன் கம்பி வழி இணையத்தை (டிஎஸ்எல்) நம்பியிருப்பவர்களுக்குத்தான் இது. பிரிட்ஜ் மோடில் மோடம் வெறும் பாலம்தான். டயல் செய்வதும் வீட்டுக்கு இணையத்தைப் பகிர்வதும் லினக்ஸ் கம்ப்யூட்டரின் வேலை.

டெபியன் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நெட்வொர்க் கார்டு இரண்டு போதும். இரண்டாவது கார்டுக்கு யுஎஸ்பி அடாப்டர் வேண்டாம், பிசிஐ கார்டே வாங்குங்கள். 24 மணி நேரமும் ஓட வேண்டிய இடத்தில் அதுதான் நிலையாக நிற்கும்.

மோடமில்

பிரவுசரில் 192.168.1.1 என்ற மோடம் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போனதும் விபிஐ, விசிஐ (டிஎஸ்எல் லைனின் சேனல்) எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎஸ்என்எல் இணைப்பில் பெரும்பாலும் 0, 35. பிராட்பேண்ட் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். பிபிபிஓஇ-யை (பயனர் பெயர் கொடுத்து டயல் செய்யும் முறை) எடுத்துவிட்டு பிரிட்ஜ் என்று மாற்றுங்கள். மோடமின் டிஹெச்சிபி (ஐபி முகவரி பங்கிடும் சேவை), வைஃபை இரண்டையும் அணைத்துவிட்டு ரீபூட் செய்யுங்கள்.

லினக்ஸில்

மோடம் கேபிள் முதல் கார்டான ஈத்0-ல், வீட்டு சுவிட்ச் இரண்டாவதான ஈத்1-ல். 'பிபிபிஓஇகான்ஃப்' ஓட்டினால் டயல் அமைப்பை அதுவே எழுதிவிடும். ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் பாக்கெட்டைக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை 1 ஆக்கி, பிபிபி0 (டயல் ஆனதும் உருவாகும் இணைப்பு) வழியாக வெளியே போவதற்கு மாஸ்கரேட் (வீட்டு முகவரிகளுக்குப் பதில் ரூட்டரின் முகவரியைப் போட்டு அனுப்புவது) போடுங்கள். லினக்ஸ் ஃபயர்வால் விதிகளை எழுத ஐபிடேபிள்ஸைவிட என்எஃப்டேபிள்ஸ் மேல். விதிகள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். இனி மோடமின் ஃபயர்வால் உங்களுக்குக் கிடையாது. அதனால் பிபிபி0-ல் வெளியிலிருந்து புதிதாக வரும் எதையும் உள்ளே விடாதீர்கள்.

பிங் போகும், சில தளங்கள் மட்டும் திறக்காது

பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஈதர்நெட் பாக்கெட் 1500 பைட். பிபிபிஓஇ தலைப்புக்கு 8 பைட் போனால் மிச்சம் 1492. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. 1500-க்கு ஏற்ற அளவையே எதிர்முனையிடம் சொல்லும். பெரிய பாக்கெட் வழியில் நின்றுபோகும். 'துண்டாக்க வேண்டும்' என்று பிழை சொல்லும் ஐசிஎம்பி செய்தியை நடுவில் ஏதாவது ஃபயர்வால் தடுத்திருந்தால் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதுவரை மோடமே இதைச் சத்தமில்லாமல் சரிசெய்து வந்தது. இனி நீங்கள்தான் செய்ய வேண்டும். என்எஃப்டேபிள்ஸின் ஃபார்வர்ட் செயினில் (ரூட்டரைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிகள்) இந்த வரியை ஆங்கிலத்தில் சேருங்கள்:

டிசிபி ஃப்ளாக்ஸ் சின் டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ

எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் தலைப்புகள் போக மிஞ்சும் தரவின் அளவு) 1452-க்கு இறங்கிவிடும். துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு பிங் அனுப்பிப் பாருங்கள்: அளவு 1464 போக வேண்டும், 1465 போகக் கூடாது.

மோடம் பக்கம் காணாமல் போனால்

மலையில் கம்பி நீளம் என்பதால் மோடமின் செட்டிங்ஸ் பக்கத்தில் லைன் நிலவரம் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு கூடுதல் என்ற இருப்பு) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். அந்தப் பக்கம் திறக்க, ஈத்0-க்கு 192.168.1.2 கொடுங்கள், கேட்வே (வெளியே போகும் வழி) கொடுக்காதீர்கள். கொடுத்தால் வெளியே போக வேண்டியதெல்லாம் மோடமிடம் போய் முட்டி நிற்கும். வீட்டு நெட்வொர்க் 192.168.10 வரிசையில் இருக்கட்டும். ஈத்0-க்கும் ஒரு மாஸ்கரேட் போட்டால் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் மோடம் பக்கம் திறக்கும்.

பிற்சேர்க்கை: கரண்ட் போய் வந்த பிறகு டயல் ஆகவில்லையா?

பழைய செஷன் பிஎஸ்என்எல் முனையில் இன்னும் உயிரோடு இருக்கலாம். சில நிமிடம் பொறுங்கள். 'பெர்சிஸ்ட்', 'மேக்ஸ்ஃபெயில் 0' இரண்டும் அமைப்பில் இருந்தால் தானே திரும்பத் திரும்ப முயலும். 'எல்சிபி எக்கோ இன்டர்வெல் 20', 'எல்சிபி எக்கோ ஃபெயிலியர் 3' (20 வினாடிக்கு ஒருமுறை சோதிப்பு, மூன்று முறை பதில் இல்லையென்றால் துண்டிப்பு) சேர்த்தால் செத்த இணைப்பை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கும்.

இடி மழை வருமுன்பே கழற்றிவிடுங்கள், மோடம் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. டெலிபோன் கம்பியையும் கழற்றுங்கள். அந்த வழியாக வரும் மின்னல் ஈத்0 கார்டு வரைக்கும் போகும்.