பியர் களிமண்: ஷேல் பாறைமேல் உருவான வறண்ட புல்வெளி மண்ணை ஆராய்ந்து வகைப்படுத்தும் முறை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மிசௌரி ஆற்றுக்கு மேற்கே உள்ள புல்வெளிகளின் பெரும்பகுதி பியர் ஷேல் எனப்படும் களிப்பாறையின்மேல் அமைந்திருக்கிறது. சுமார் 8 கோடி முதல் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் நடுவே பரந்திருந்த உள்நாட்டுக் கடலின் அடியில் படிந்த சேறுதான் இந்தப் பாறை. அதே கடலில் விழுந்த எரிமலைச் சாம்பல் இடையிடையே பென்டோனைட் என்னும் களி அடுக்குகளாக மாறிக் கிடக்கிறது. 1862-ல் மீக், ஹேடன் ஆகிய இருவரும் இப்பாறைக்குப் பெயரிட்டனர். பெயர் பிரெஞ்சு மொழியுடையது என்றாலும் உள்ளூர்க்காரர்கள் அதைச் சுருக்கமாக ‘பியர்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். இப்பாறை மக்கி உண்டான மண்ணில் நீரைக் குடித்து உப்பும் ஸ்மெக்டைட் களிமம் மிகுதி. மண்ணின் ஏறக்குறைய எல்லாக் குணங்களும் அதிலிருந்தே பிறக்கின்றன.

வேலைக்கு ஏற்ற காலம் கோடையின் பின்பகுதி, அதாவது ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்கள். வெடிப்புகள் திறந்திருக்கும்போது பார்க்காத மண்ணை அமெரிக்க மண் வகைப்பாட்டில் சரியாக நிறுத்த முடியாது. மழை பெய்த மறுநாள் அங்கே போகவே வேண்டாம்: ‘கம்போ’ என்று அவர்கள் அழைக்கும் இக்களி, வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றவிடாமல் செய்துவிடும். நில உரிமையாளரின் அனுமதியைப் பெற்று, புதைகுழாய்கள் பற்றி 811 என்ற எண்ணில் தெரிவித்த பிறகே தோண்டத் தொடங்க வேண்டும்.

முதலில் வெடிப்பை அளக்க வேண்டும். 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ அகலமுள்ள வெடிப்பு, மேலுள்ள 50 சென்டிமீட்டருக்குள் குறைந்தது 25 சென்டிமீட்டர் கனத்துக்கு ஊடுருவிச் செல்கிறதா என்று மெல்லிய இரும்புக் கம்பியை விட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்க. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் நடந்தவருக்கு இந்த வெடிப்பு புதிதல்ல. ஆனால் கரிசலின் கருமையை எதிர்பார்த்து வருபவர் இங்கே ஏமாந்துபோவார். பியர் மண் ஆலிவ் சாயல் கொண்ட பழுப்பாகவும் சாம்பலாகவும் வெளிறியே இருக்கும்.

பிறகு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்துக்குக் குழி தோண்டி, வெயில் நேராக விழும் பக்கத்தைக் கத்தியால் சீவிச் சுத்தப்படுத்துக. மண்வெட்டியின் தேய்த்த தடம் களிமண்ணில் பளபளப்பாகப் பதியும்; அதை இயற்கை அடையாளமாக எண்ணிவிடும் தவறு புதியவர்களிடம் அடிக்கடி நேர்கிறது. ஆகவே கத்தியின் முனையால் கட்டிகளை நெம்பி, அவை தாமாகப் பிரியும் இடத்தில் பிரியவிட வேண்டும்.

நடு அடுக்கிலிருந்து அப்படிப் பிரியும் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது சதுரமாகவோ உருண்டையாகவோ இல்லாமல் ஆப்பு வடிவில் இருக்கும். அதன் ஒரு முகம், ஈரச் சோப்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி இழுத்ததுபோல் வழவழப்பாகவும், இழுத்த திசையில் மெல்லிய கீறல் வரிகளோடும் மின்னும். உப்பிய மண் அடுத்திருக்கும் மண்ணைத் தள்ளி வழுக்கிச் சென்றதன் தடம் இது. மண்ணியலார் ஸ்லிக்கென்சைடு என்பது இதைத்தான். இத்தகைய வழுக்குமுகங்களோ, கிடைமட்டத்திலிருந்து 10 முதல் 60 பாகை சாய்ந்த ஆப்புக் கட்டிகளோ கொண்ட அடுக்கு, ஒரு மீட்டருக்குள் 25 சென்டிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். இங்கே இன்னோர் எச்சரிக்கை தேவை: மக்கிய ஷேலின் படிவுத்தளங்களும் சில நேரம் மினுங்கும். அவை ஒன்றுக்கொன்று இணையாக, பாறை கிடக்கும் வாக்கிலேயே அமைந்திருக்கும். வழுக்குமுகங்களோ வளைந்து, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்.

களியின் அளவைக் களத்தில் விரலால் மதிப்பிடலாம். ஈரப்படுத்திப் பிசைந்த மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பட்டையாகத் தள்ளும்போது, 5 சென்டிமீட்டருக்கு மேல் அறாமல் நீண்டால் அது களிமண். வகைப்பாட்டுக்கு 30 சதவீதம் களி போதும். இந்த மண்ணில் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் காட்டும். கீழடுக்கில் கண்ணாடிச் சில்லுபோல் மின்னும் படிகங்கள் நுரைக்காமல், நகத்தால் கீறும்போது கோடு விழுந்தால் அவை ஜிப்சம். ஷேலிலுள்ள பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் காற்றுப்பட்டுக் கந்தக அமிலமாகி, அந்த அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்ததால் உண்டானவை அவை. நாலைந்து படிகங்களைக் கண்டதும் ஜிப்சம் அடுக்கு என்று எழுதிவிடக் கூடாது: அடுக்கின் கனம் குறைந்தது 15 சென்டிமீட்டர், ஜிப்சம் குறைந்தது 5 சதவீதம் என்பதோடு, சென்டிமீட்டர் கனத்தையும் சதவீதத்தையும் பெருக்கினால் 150 ஆவது வர வேண்டும் என்றும் விதி சொல்கிறது.

இனி ஷேல் வரை உள்ள மண்கண்டத்தை அளக்க வேண்டும். என் கருத்தில் இந்த நிலப்பரப்பில் மண்தொடரின் பெயரைத் தீர்மானிக்கும் அளவு இதுதான். குன்றின் முகட்டிலும் செங்குத்துச் சரிவிலும் ஷேல் 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் அது சாம்சில். 50 முதல் 100 சென்டிமீட்டருக்குள் தட்டினால் பியர். சரிவின் அடியில், மேலிருந்து வழிந்து வந்த களி படிந்து ஆழம் கூடிய இடம் கைல். மழை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும் கிழக்குப் பகுதியில் இதே மூன்று நிலைகளுக்கும் சான்சார்க், ஓபல், பிராமிஸ் என்று பெயர். ஷேல் துண்டைக் காற்றில் உலர்த்தி நீரில் போட்டுப் பார்ப்பதும் நல்லது: கரையாமல் நின்றால் பாராலிதிக், கரைந்து சேறானால் டென்சிக் என்று குறிக்க வேண்டும். பியர் மண்ணின் வகைப்பெயர் இரண்டிலும் ஒன்றேதான்.

பெயரிடும்போது அமெரிக்க மண் வகைப்பாட்டின் திறவுகோலை, அதாவது மண்ணைப் படிப்படியாகப் பிரித்தறியும் பட்டியலை, வரிசை தவறாமல் பின்பற்றுக. புல்வெளி மண் என்றதும், கருத்த மேலடுக்குள்ள மண்களின் வரிசையான மொல்லிசால் என்று எழுதத் தோன்றும். அது இரு வகையில் பிழை. வெளிறிய மேலடுக்கு மொல்லிசாலுக்குரிய கருமையை எட்டுவதில்லை. எட்டினாலும், திறவுகோலில் வெடித்து உப்பும் களிமண்களின் வரிசையான வெர்ட்டிசால் முன்னதாகவே வந்துவிடுவதால் வெடித்து வழுக்கும் மண் அங்கேயே நின்றுவிடும். வறட்சியைக் கண்டு, வறண்ட நில மண்களின் வரிசையான அரிடிசால் என்று எழுதுவதற்கும் இதே தடை உண்டு. ஆண்டில் மொத்தம் 90 நாளாவது வெடிப்பு திறந்திருப்பதால் துணைவரிசை உஸ்டெர்ட்; உப்பு, ஜிப்சம், சுண்ணாம்பு அடுக்குகள் எவையும் தகுதி பெறாததால் அதனுள் பெரும்பிரிவு ஹாப்லுஸ்டெர்ட்; திறந்திருக்கும் நாட்கள் 210-ஐ எட்டி, பாறையும் ஒரு மீட்டருக்குள் வருவதால் உட்பிரிவு அரிடிக் லெப்டிக் ஹாப்லுஸ்டெர்ட். சாம்சிலில் வழுக்குமுக அடுக்கு உருவாக இடமே இல்லாததால், அது அடுக்குகள் அதிகம் உருவாகாத மண்களின் எண்டிசால் வரிசையில் உஸ்டார்தெண்ட் ஆகிறது. உட்பிரிவுக்கு அடுத்த படியான குடும்பத்தின் பெயருக்கு ஆய்வகத்தின் உதவி வேண்டும்: களி 60 சதவீதத்துக்குக் குறைவா கூடவா, களிமம் ஸ்மெக்டைட்தானா, 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 8 முதல் 15 பாகை செல்சியஸுக்குள் அடங்குகிறதா என்பவற்றை உறுதிசெய்ய வேண்டும்.

வகைப்பாட்டில் இடம்பெறாவிட்டாலும் குறிப்பேட்டில் இடம்பெற வேண்டியவை இரண்டு. ஒன்று, நீர்ப்போக்கு: முதல் மழை வெடிப்புகள் வழியே விரைந்து இறங்கும், மண் உப்பி வெடிப்பு மூடியதும் நீர் இறங்குவது மிக மெதுவாகி, மிச்சம் மேலே ஓடிவிடும். இரண்டு, செலினியம்: அளவு மீறினால் கால்நடைக்கு நஞ்சாகும் இந்தத் தனிமம் பியர் ஷேலின் சில அடுக்குகளில் மிகுதி. மேற்கத்திய வீட்கிராஸ், பச்சை நீடில்கிராஸ் ஆகிய நல்ல மேய்ச்சல் புற்களுக்கு நடுவே, செலினியத்தைத் தன்னுள் சேர்த்துவைக்கும் அஸ்ட்ராகலஸ் பைசல்கேட்டஸ் செடி கண்ணில் பட்டால் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, மாடு மேய்ப்பவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

குழியை அன்றே மூடிவிடுக. ஷேல் துண்டுகளை முதலில் போட்டு, களியை ஒவ்வோர் அடுக்காக மிதித்து இறுக்கி, தனியே எடுத்துவைத்த புல் கரணைகளை மேலே பொருத்தி, நடுவைச் சற்று மேடாக விட்டால், அடுத்த மழையில் மண் அமர்ந்த பிறகும் மாட்டின் கால் சிக்கும் பள்ளம் விழாது.