லயத்துத் தண்ணீர்த் திட்டம்: குறிகாட்டி தெரிவு செய்வது எப்படி

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள்தான் லயங்கள். ஊற்றுத் தண்ணீரைக் குழாய்வழி அங்கே கொண்டுவரும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது பலன் தந்ததா என்று அளந்து காட்டுவதே குறிகாட்டி. முன்மொழிவில் வழக்கமாக முதலில் ஏறுவது ‘பொருத்திய குழாய்களின் எண்ணிக்கை’. அது வேலை நடந்ததற்குக் கணக்கு, பலன் கிடைத்ததற்கு அல்ல. நிதி தருபவர் கேட்பார், எழுதிவிடுங்கள். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம்.

யாருக்கு எது மாறப்போகிறது என்று ஒரே வசனத்தில் எழுதுங்கள்: ‘வறட்சியிலும் தண்ணீர் எடுத்துவர அரை மணிக்கு மேல் ஆகாது.’ குறிகாட்டி அதற்குள்ளேயே இருக்கிறது. போய், வரிசையில் நின்று, திரும்பி வர 30 நிமிடத்துக்கு மேற்படாத வீடுகள் நூற்றுக்கு எத்தனை? உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் அடிப்படைச் சேவைக்கு வைத்திருக்கும் எல்லையும் இதே 30 நிமிடம்தான்.

‘வீடு’ எது என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு காம்பராவில் (லயத்து அறையில்) இரண்டு குடும்பம் இருக்கும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வது நல்லது. முதல் ஆய்வில் காம்பராவையும் கடைசி ஆய்வில் குடும்பத்தையும் எண்ணினால், ஒன்றுமே மாறாமல் சதவீதம் மட்டும் மாறும்.

அதிகம் சறுக்குவது பருவத்தில். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை ஊற்று வற்றும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். பதுளைப் பக்கமோ ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை காயும். ஹட்டனில் முதல் அளவை மார்ச்சிலும் கடைசி அளவை ஜூலையிலும் எடுத்தால், மழை செய்த வேலைக்குத் திட்டம் பேர் வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே வறட்சி மாதத்தில் எடுங்கள்.

தரத்துக்கு: 100 மில்லிலீட்டரில் ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) இருக்கக்கூடாது. குளோரின் போடுவதாக இருந்தால் எஞ்சிய குளோரின் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. மாதிரியைத் தாங்கியில் அல்ல, கடைசி லயத்துக் குழாயில் எடுங்கள். தண்ணீர் விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் இறங்கும்போது வெடிப்பு வழியாக அழுக்கு உள்ளே இழுபடும்.

வயிற்றோட்டத்தைக் குறிகாட்டியாக்க ஆசை வரும். சின்னத் தோட்டத்தில் வேண்டாம். 5 வயதுக்குட்பட்ட 60 பிள்ளைகளில், கடந்த 2 வாரத்தில் பாதிக்கப்பட்டோர் 6 பேரிலிருந்து 3 ஆனால், அது தற்செயலாகவும் இருக்கலாம்.

கேள்வியைத் தண்ணீர் எடுப்பவரிடமே கேளுங்கள். பகலில் போனால் லயத்தில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை அந்தியில் நிறுத்து முடிந்த பிறகு போங்கள்.