சுவாமிமலையில் சிலை செய்யச் சொல்லப் போகிறவர்களுக்கு

கும்பகோணத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுவாமிமலைக்கு முருகனைத் தரிசிக்கச் செல்லும் வெளிநாட்டுத் தமிழர் பலர், திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு சிறிய நடராசரை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை. ஆனால், இவ்வூரின் உலோகச் சிலை வார்ப்புக்கலை நிலைக்க வேண்டுமென விரும்புகிறவர்கள், ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே சிலை வார்க்கும் ஸ்தபதியின் பட்டறைக்குச் சென்று, வேண்டிய சிலையைச் சொல்லிவிடுவது நல்லது. நான் முதன்முறை சென்றபோது, விமானம் ஏற 10 நாள் இருக்கையில் ஒன்றரை அடி நடராசர் கேட்டேன். பட்டறைப் பெரியவர் சிரித்துவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அவர் சிரித்ததன் காரணம் வேலையைப் பார்த்தால் விளங்கும். தென்னங்கீற்றின் ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாளக் கணக்குப்படி மடித்து மடித்து முகம், மார்பு, இடை என அளவு குறித்துக்கொள்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியப் பிசினும் எண்ணெயும் கலந்த மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணை முதலில் மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். விரல்நகத்தின் கோடுகூட அந்த மண்ணில் பதிந்துவிடும். கட்டிய மண் காய்ந்தபின் சூடேற்றி மெழுகை வடித்து, வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும் என்பதால், ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. உளியும் அரமும் கொண்டு செதுக்கும் வேலைக்குத்தான் நாட்கள் ஓடும். விலையில் பெரும்பங்கும் அதற்கே என்பதால், எடையை மட்டும் வைத்துப் பேரம் பேசாதீர்கள்.

போவதற்கு முன் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை ஒரு மணி நேரமாவது பார்த்துவிடுங்கள். விரல்களின் நளினத்தைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால், பட்டறையில் எது தேர்ந்த கையின் வேலை என்பது தானே தெரியும். வேண்டுமென்றே பச்சைக் களிம்பு ஏற்றிப் 'பழைய சிலை' என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். அது பொய்யென்றால் பணம் போகும். மெய்யென்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது குற்றமாகும்.

புதிய சிலைக்கும் விமான நிலையத்தில் கேள்வி எழலாம். ஆகவே ரசீதையும், பட்டறையில் எடுத்த படங்களையும், இது தொல்பொருள் அன்று என இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழையும் கையில் வைத்திருங்கள். சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதைச் சிலை சொல்லும்போதே ஸ்தபதியிடம் கேட்டுக்கொள்ளலாம். உள்ளே வெற்றிடமின்றி முழுதும் உலோகமாக வார்த்த கனவார்ப்புச் சிலையைக் கையில் தூக்கினால்தான் அதன் கனம் தெரியும். சிலையைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைத் தனியாகக் கழற்றும்படி செய்யச் சொன்னால் பெட்டியில் அடுக்குவது எளிது.