மாடல் கிட்டுக்கு டாப்கோட்: முதல் தடவை அடிப்பவர்களுக்கு

போன ஐப்பசியில், மூன்று வாரம் உட்கார்ந்து பெயின்ட் அடித்து டீகால் ஒட்டிய 1/72 ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர் விமானம், அசலில் 72-ல் ஒரு பங்கு அளவு) ஒன்றுக்குக் கடைசியாக டாப்கோட்டாக மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற மேல்பூச்சு அடித்தேன். வெளியே மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று பால்கனியில் நின்று அடித்துவிட்டு, காபி குடித்துத் திரும்பி வந்தால் விமானம் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறது. பச்சையும் பழுப்பும் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கேன் மேல் தப்பில்லை, அடித்த நாள்தான் தப்பு. அதை எப்படி மீட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒழுங்காக அடிப்பது எப்படி என்று பார்த்துவிடலாம்.

டாப்கோட் எதற்கு?

பெயின்ட்தான் காய்ந்துவிட்டதே, அதற்கு மேல் இன்னொன்று எதற்கு என்று தோன்றும். கை படும் இடங்களில் பெயின்ட் தேயாது, அது ஒன்று. டீகால் என்பது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படலம். மேலே பூச்சு இல்லாவிட்டால் நாளாக ஆக ஓரம் தூக்கிக்கொள்ளும், அது இன்னொன்று. ஆனால் அடித்ததும் கண்ணில் படுவது வேறு. மாடலை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பச்சை ஒரு மினுக்கம், பழுப்பு ஒரு மினுக்கம், டச்-அப் செய்த இடம் வேறொன்று, டீகால் மட்டும் செல்லோடேப் ஒட்டியது போலப் பளபளக்கும். கிளியர் அடித்த பிறகு எல்லாம் ஒரே தோலாகிவிடும்.

கிளியரில் கிளாஸ் (பளபளப்பு), செமி கிளாஸ் (பாதிப் பளபளப்பு), மேட் (பளபளப்பில்லாதது) என்று மூன்று உண்டு. மேட் என்றால் கிளியருக்குள் சிலிக்கா போன்ற நுண்ணிய தூள் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தூள் மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கி வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

எதை வாங்குவது?

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி) இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், ஸ்ப்ரே கேன் போதும். டாமியாவில் டி.எஸ்-13 கிளாஸ், டி.எஸ்-79 செமி கிளாஸ், டி.எஸ்-80 மேட். மூன்றுமே லாக்கர், அதாவது கடுமையான கரைப்பானில் கரைத்த, சட்டென்று காயும் ரகம். ஜி.எஸ்.ஐ. கிரியோஸின் மிஸ்டர் சூப்பர் கிளியரும் லாக்கர்தான்; அதே நிறுவனத்தின் மிஸ்டர் டாப்கோட் தண்ணீர் சார்ந்தது, கொஞ்சம் சாது. வாசனை வீட்டில் ஒத்துக்காது என்றால் வல்லேஹோ மாதிரியான தண்ணீர் வார்னிஷை அகலமான, மென்மையான பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசலாம். ஈரமாக இருக்கும்போது பால் போலத் தெரியும், காய்ந்தால் தெளிந்துவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை ஓட்டினால் மட்டும் தடம் விழும்.

லாக்கர் வேகமானது, நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதில் இருக்கும் கரைப்பான் கடுமையானது. கீழே எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் சார்ந்த) பெயின்ட் இருந்து, மேலே லாக்கரை ஈரமாக அடித்தால் எனாமல் பாலாடை மாதிரி சுருங்கிவிடும். டீகாலும் அப்படித்தான், கனமாக லாக்கர் விழுந்தால் சுருண்டு விரிசல் விடும். தண்ணீர் சார்ந்த கிளியரைப் பெரும்பாலும் எதன் மேலும் பயமில்லாமல் அடிக்கலாம். கீழே இருப்பது என்ன பெயின்ட் என்றே நினைவில்லையா, தண்ணீர் சார்ந்ததையே எடுங்கள். மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷைக் கொண்டு வந்து சிக்கனம் பண்ணாதீர்கள். நாளடைவில் மஞ்சளாகும் ரகங்கள் அதில் நிறைய.

நாள் பார்ப்பது

நல்ல நாள் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை வந்தது இந்த விஷயத்தில்தான். லாக்கர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லென்று ஆகும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தச் சில்லிப்பில் தண்ணீர் நுண்துளிகளாகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வெள்ளைதான் என் ஸ்பிட்ஃபயரின் திருநீறு.

ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மேசையில் வையுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே என்றால் யோசிக்காமல் அடிப்பேன். 70-ஐத் தாண்டினால் லாக்கர் கேனைத் தொடுவதில்லை. மீட்டர் இல்லையா? பொரித்த அப்பளத்தைத் தட்டில் வைத்துவிட்டு அரை மணி கழித்துக் கடித்துப் பாருங்கள். நமுத்துப் போயிருந்தால் இன்றைக்கு டாப்கோட் கிடையாது. சென்னையில் எனக்கு ஒத்துவரும் நேரம் காலை 10 மணிக்கு மேல், கடற்காற்று கிளம்புவதற்கு முன். வடகிழக்குப் பருவமழை முழுக்க, தண்ணீர் சார்ந்ததைத் தவிர எதையும் எடுப்பதில்லை.

கத்திரி வெயில் இதற்கு நேர் எதிர்த் தொல்லை. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் அடித்தால், துளிகள் மாடலைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து அடித்தால் நன்றாக வரும் என்று குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. ஜப்பானியக் கேன்களில் 40 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்காதே என்றே எழுதியிருக்கும்; நம் மே மாத மொட்டை மாடி அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

அடிக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கூடாது. அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் எரியக்கூடாது. கேனுக்குள் இருக்கும் வாயுவும் பற்றும், லாக்கரும் பற்றும். துணி மாஸ்க்கோ சர்ஜிக்கல் மாஸ்க்கோ கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பருக்கு என்று கார்ட்ரிட்ஜ் மாட்டும் மாஸ்க் வாங்குங்கள். கிட் வாங்கும் காசில் அது பெரிய செலவில்லை.

படி 1: ஸ்பூன்

ஒரு கட்டு பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கி வையுங்கள். மாடலுக்கு அடித்த அதே பெயின்ட்டை ஸ்பூனின் முதுகில் அடித்து, மிச்சமிருக்கும் உதவாத டீகால் ஒன்றை ஒட்டி, அதன் மேல் கிளியரை அடித்துப் பாருங்கள். சுருங்குமா, வெளுக்குமா, நிறம் மாறுமா என்பதெல்லாம் ஐந்து பைசா ஸ்பூனில் தெரிந்துவிடும். மேட் அடித்தால் அடர்ந்த நிறங்கள் ஒரு பிடி வெளிறித் தெரியும். அது பழுதில்லை, வெளிச்சம் சிதறுவதால் வருவது. கை பழகவும் ஸ்பூன்தான் நல்லது. வளைந்த பரப்பில் அடிக்கத் தெரிந்துவிட்டால் விமானத்தின் உடலிலும் அடிக்கத் தெரிந்த மாதிரிதான்.

படி 2: துடைத்து, மூடி, பிடி போட்டு

பெயின்ட் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். அக்ரிலிக் என்றால் ஒரு நாள், எனாமல் என்றால் நான்கைந்து நாள் விடுவேன். முகர்ந்து பார்த்தால் பெயின்ட் வாடை வரக்கூடாது. பிறகு ஈர பட்ஸால் கைரேகை, தூசு எல்லாம் துடைத்து உலரவிடுங்கள்.

காக்பிட் கண்ணாடியை மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். மேட் கிளியர் பட்டால் அது கண்ணாடியாக இருக்காது, ஆவி படிந்த பஸ் ஜன்னலாகிவிடும். குரோம் பூசிய பாகங்கள், வெள்ளி நிறம் அடித்த பாகங்கள் இவற்றையும் தனியே எடுத்து வைப்பது நல்லது; மேட் பட்டால் உலோக மினுக்கம் செத்துப்போகும். மாடலைக் கையில் பிடித்துக்கொண்டு அடிக்க முடியாது. புரொப்பெல்லர் மாட்டும் ஓட்டையில் ஒரு ஐஸ்கிரீம் குச்சியைச் சீவிச் செருகினால் நல்ல பிடி கிடைக்கும்.

படி 3: முதலில் கிளாஸ்

கடைசியில் மேட்தான் வேண்டும் என்றாலும் முதலில் கிளாஸ் அடிக்க வேண்டும். புதியவர்கள் தாண்டிக் குதிப்பது இந்தப் படியைத்தான். மேட் பெயின்ட்டின் சொரசொரப்பு மேல் டீகாலை ஒட்டினால் பள்ளங்களில் காற்று மாட்டிக்கொள்ளும். பார்ப்பதற்கு டீகாலின் வெற்றுப் பகுதியெல்லாம் வெள்ளி பூத்தது போல இருக்கும். 1940-ஆம் வருட ஸ்பிட்ஃபயரின் உடலில் சாம்பல் நிறத்தில் பெரிய ஸ்குவாட்ரன் எழுத்துகள் (விமானப்படைப் பிரிவின் அடையாள எழுத்துகள்) வரும். எழுத்தைச் சுற்றியுள்ள படலம் வெள்ளி பூத்தால், பெயின்ட் அடித்த எழுத்தாகத் தெரியாமல் ஸ்டிக்கராகத் தெரியும். கிளாஸின் வழவழப்பில் படலம் ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

இப்போது அடிக்கும் விதம். கேனை இரண்டு நிமிடம் முழுசாகக் குலுக்குங்கள். மாடலிலிருந்து 20 முதல் 25 செ.மீ. தூரம். இந்த அளவில் ஸ்பிட்ஃபயரின் இறக்கை முனைக்கு முனை 15.6 செ.மீ.தான் வரும், அதனால் ஒரு வீச்சு ஒரு நொடிகூட ஆகாது. இடது இறக்கை முனைக்கு வெளியே, வெறும் காற்றில் பட்டனை அழுத்துங்கள். கையை நேராக நகர்த்தி, வலது முனையைத் தாண்டி, மறுபடி வெறும் காற்றில் விடுங்கள். பட்டனை அழுத்தும் நொடியிலும் விடும் நொடியிலும்தான் கேன் பெரிய துளியாகத் துப்பும். அது மாடல் மேல் விழக்கூடாது. மணிக்கட்டைச் சுழற்றாதீர்கள், முழங்கையோடு நகர்த்துங்கள்.

முதல் பூச்சு தூவல் மட்டுமே. விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே புள்ளிகளாக ஈரம் தெரியும், முழுசாக மூடியிருக்காது. போதாது என்று கை துறுதுறுக்கும், அடக்குங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது தூவல். மூன்றாவது முறைதான் மேற்பரப்பு முழுக்க ஈரமாக ஒருமுறை மின்னும் அளவுக்கு. அந்த மினுக்கம் வந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வீச்சு போனாலும் இறக்கையும் உடலும் சேரும் மூலையில் குளம் கட்டும்.

அடித்து முடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவையுங்கள். ஃபேன் போடாதீர்கள், அது தூசியைக் கொண்டு வந்து ஒட்டும். ஒரு நாள் தொடாமல் விடுங்கள்.

ஏர்பிரஷ் இருந்தால் டாமியா எக்ஸ்-22 கிளியரைத் தின்னரோடு பாதிக்குப் பாதி கலந்து, 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், 10 செ.மீ. தூரத்தில் அடிக்கலாம். முறை இதேதான்.

படி 4: டீகால், அதன் மேல் மறுபடி கிளாஸ்

டீகால் ஒட்டுவது தனிப் பதிவுக்கான விஷயம். இங்கே ஒன்றே ஒன்று: ஒட்டிக் காய்ந்த பின் சுற்றிலும் பசையும், டீகாலைப் படியவைக்கும் திரவத்தின் கறையும் இருக்கும், ஈர பட்ஸால் துடைத்துவிடுங்கள். விட்டால் கிளியருக்கு அடியில் காபிக் கறை மாதிரி நிரந்தரமாக நிற்கும். ஒரு நாள் உலர்ந்ததும் மறுபடி கிளாஸ், இந்த முறை தூவல் மட்டும். லாக்கர் என்றால் ஈரமாக நனைக்கவே வேண்டாம்.

பானல் கோடுகளில் (விமானத் தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகள்) எனாமல் வாஷ், அதாவது தண்ணியாகக் கரைத்த அடர் நிற எனாமல் விடுவதாக இருந்தால் இப்போது விடுங்கள். கிளாஸ் மேல் அது கோட்டுக்குள் தானாக ஓடும், மிச்சத்தைத் துடைத்தாலும் கறை பிடிக்காது. கீழே இருக்கும் பெயின்ட்டும் எனாமலாக இருந்தால் கிளாஸ் பூச்சு இல்லாமல் துடைக்கவே கூடாது, பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

படி 5: மேட்

தூள் அடியில் படிந்திருக்கும், அதனால் மூன்று நிமிடமாவது குலுக்குங்கள். சரியாகக் குலுக்காத கேனிலிருந்து முதலில் அரைகுறை மினுக்கமும் கடைசியில் வெள்ளைப் பொடியும் வரும். வீச்சு எல்லாம் படி 3 மாதிரிதான், ஆனால் ஈரப் பூச்சு கிடையாது. இரண்டு அல்லது மூன்று தூவல் போதும். கனமாக அடித்தால் தூள் மூலைகளில் சேர்ந்து பனி படிந்தது போல வெளுக்கும்.

என்னைக் கேட்டால், சின்ன அளவு விமானங்களுக்கு முழு மேட்டை விட செமி கிளாஸ் அழகு. முழு மேட் சில சமயம் சாக்பீஸில் செய்தது போல ஆக்கிவிடுகிறது. டாங்கிகளுக்கு மேட்டே சரி. கார் மாடலுக்கு மேட் வேண்டவே வேண்டாம், கிளாஸோடு நிறுத்தி, ஒரு வாரம் காயவிட்டு, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பாலிஷ் காம்பவுண்ட் போடுங்கள்.

வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் காற்று வரும்வரை அழுத்துங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை நாசில் அடைத்துக்கொண்டிருக்கும்.

வெளுத்துவிட்டால்

பதறிப் போய்த் தேய்க்காதீர்கள், தின்னரும் ஊற்றாதீர்கள். ஈரம் மாட்டிய வெள்ளையாக இருந்தால், வெயில் அடிக்கும் உலர்ந்த நாள் வரும்வரை காத்திருந்து, அதே லாக்கர் ரகத்துக் கிளாஸை மெல்லிசாக அடித்துப் பாருங்கள். பழைய பூச்சு மறுபடி இளகி, மாட்டிய ஈரத்துக்கு வெளியே போக வழி கிடைக்கும். தூள் கூடிப்போனதால் வந்த வெள்ளையும் பல நேரம் கிளாஸ் பட்டதும் அடங்கிவிடும். பிறகு மறுபடி மேட்.

என் ஸ்பிட்ஃபயர் தை மாதம் வரை டப்பாவுக்குள்ளேயே இருந்தது. பொங்கல் லீவில் ஒரு நாள் மீட்டர் 58 காட்டியது. முதல் தூவல் கிளாஸ் பட்டதுமே இறக்கை மேலிருந்த நீல-சிவப்பு வட்டம் மேகத்துக்குப் பின்னாலிருந்து வருவது போல வந்தது, அடுத்த வீச்சில் பச்சை வந்தது. மறுநாள் செமி கிளாஸ் அடித்து, காக்பிட் டேப்பை ஊசி முனையால் தூக்கி உரித்தேன். இடது இறக்கையின் அடியில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னும் லேசாக மங்கல் இருக்கிறது. அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். குனிந்து பார்க்கிற விருந்தாளி இதுவரை யாரும் வரவில்லை.